உயரம் எழுதாத வரைபடம்

பதினோரு வருடம் என் பெடல்கள் கட்டைப்பையில்தான் ஊர் ஊராகப் போய்வந்தன. நகைக்கடையில் கொடுத்த சிவப்புப் பை. அடியில் கேபிள் சுருள், அதற்கு மேல் ஏழு பெடல்கள், எல்லாவற்றுக்கும் மேல் மேடையில் விரிக்க ஒரு பழைய கோணி. மேடையேறி, கோணியை விரித்து, பெடல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ஒன்றோடு ஒன்றைக் கோத்து முடிப்பதற்குள் கீபோர்டுக்காரர் இரண்டு டீ குடித்துவிடுவார். நான் அதற்குள் யாரையாவது திட்டியிருப்பேன். பெரும்பாலும் மைக்செட்காரரை.

பெடல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிதாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தரையில் கிடக்கும் சின்ன இரும்புப் பெட்டி அது. சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது. மேலே ஒரு குமிழ் இருக்கும். காலால் மிதித்தால் கிதார் சத்தம் கரகரக்கும். வேறொன்றை மிதித்தால் எதிரொலிக்கும். மறுபடி மிதித்தால் பழையபடி ஆகிவிடும். கை இரண்டும் கிதாரில் இருப்பதால் இந்த வேலையெல்லாம் காலுக்கு வந்து சேர்ந்தது. மூன்று நிமிடப் பாட்டில் ஏழெட்டு முறை மிதிக்க வேண்டியிருக்கும். மிதிப்பது அரைத் தாளம் தப்பினால் கேட்கிறவனுக்குக் காரணம் தெரியாது, ஆனால் முகம் சுளிப்பான்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பகலில் ஆதார் கார்டு, பட்டா, ஜாதிச் சான்றிதழ். திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்றால் மெல்லிசைக் குழுவில் லீட் கிதார். இருபது வருடத்துக்கு மேல் ஒரே குழு. கடைக்கு வருகிறவர்கள் என்னை ஜெராக்ஸ்காரர் என்பார்கள். மேடைக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் மாஸ்டர் என்பார்கள். எனக்கு எது பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம். வலது பாதம் மரத்துப்போய் இரண்டு வருடம். முதல் விஷயம் ஊருக்கே தெரியும். டீக்கடையில் நான் வாய் திறக்காமலே சர்க்கரை போடாத டீ வந்துவிடும். இரண்டாவது விஷயம் என் மனைவிக்குக்கூடத் தெரியாது. டாக்டருக்கு மட்டும் தெரியும். அவர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் ஒரு நைலான் இழையை வைத்து அழுத்தி அழுத்தி, தெரியுதா, தெரியுதா என்று கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் தெரியுது என்றேன். கடைசியில் அவர் இழையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, தெரியுதா என்று கேட்டபோதும் தெரியுது என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். வெறுங்காலோடு ஓர் அடி வைக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். செருப்பு போட வேண்டும் என்றார். அந்த மெத்துச் செருப்பைக் குதிகால் வலிக்கு வாங்கியது என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

நாங்கள் வாசிக்கும் மேடைகளில் முக்கால்வாசி கோயில் மேடை. ஓரத்தில் அம்மன் படம் இருக்கும், விளக்கு எரியும். செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். செருப்பு வேண்டும் என்று கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், காலே தெரியாதவன் காலால் வாசிக்கும் சாமானை எப்படி வாசிப்பான் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. மேடை போய்விட்டால் நான் ஆதார் கார்டைக் கண்ணாடியில் கவிழ்த்து வைக்கிற ஆள், அவ்வளவுதான்.

தளவானூர்ப் பக்கம் ஒரு தீமிதிக் கச்சேரியில் வினை வந்தது. ஒரு பாட்டின் நடுவே எனக்குத் தனியாக வாசிக்க இடம் உண்டு. அதற்கு முன்னால் கரகரப்புப் பெடலை மிதிக்க வேண்டும். மிதித்தேன் என்று நினைத்தேன். கால் பெடலின் ஓரத்தில் பட்டு அது புரண்டு, கேபிள் பிடுங்கிக்கொண்டு, கிதார் ஊமையாகிவிட்டது. நான் குனிந்து கேபிளைத் தேடுவதற்குள் கீபோர்டுக்காரர் ஒரு பித்தானைத் தட்டி, கிதார் சத்தத்தை வரவழைத்து, என் இடத்தை அவரே வாசித்து முடித்துவிட்டார். கூட்டம் விசில் அடித்தது. ஒருவருக்குமே வித்தியாசம் தெரியவில்லை.

வேன் ஏறும்போது குழுவை நடத்தும் பாடகர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"கீபோர்டுலயே கிதாரு நல்லா வருதுண்ணே," என்றார்.

"அது பிளாஸ்டிக் கிதாரு," என்றேன்.

"ஜனங்க கண்டுபிடிக்கலியே. இன்னொரு வாட்டி இப்டி ஆச்சின்னா கமிட்டிக்காரன் என்னைத்தான கேப்பான். நீ கொஞ்சம் பாத்துக்கோண்ணே."

நான் கட்டைப்பையைக் குற்றம் சொன்னேன். கோணியைக் குற்றம் சொன்னேன். பெடல் தனித்தனியாக இருப்பதால்தான் புரளுகிறது, எல்லாவற்றையும் ஒரே பலகையில் இறுக்கிவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காது என்று ஊர் வந்து சேரும்வரை பேசினேன். பேசப் பேச எனக்கே அது சரியென்று பட்டது. பலகை அசையாது. பெடல் எந்த இடத்தில் இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியும். கண் பார்த்துக்கொண்டால் காலுக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

முதல் வேலை, எது வேண்டும் எது வேண்டாம் என்று பார்ப்பது. ஏழு பெடலையும் வீட்டுக் கூடத்தில் வரிசையாக வைத்தேன். மனைவி முறத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"இதுல எத்தினி நெசமாவே வாசிக்கிறீங்க?" என்றாள்.

"எல்லாம்தான்."

"அந்த ஊதா கலரு? அதை நீங்க வாங்கின அன்னிக்கு ஒருநா கேட்டேன். விமானம் போற மாதிரி இருந்தது. அப்றம் சத்தமே காணோம்."

சரியாகத்தான் சொன்னாள். ஊதா வெளியே போனது. குழு வழக்கமாகப் பாடும் பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, எதெதற்கு எந்தப் பெடல் என்று புள்ளி வைத்துப் பார்த்தேன். இன்னொரு கரகரப்புப் பெடலுக்கு இரண்டே புள்ளி, அதையும் எடுத்தேன். மிஞ்சியவை ஐந்து. சுருதி பார்ப்பது ஒன்று. இலேசான கரகரப்பு ஒன்று. இரண்டு கிதார் சேர்ந்து வாசிப்பதுபோல் அகலமாக்குவது ஒன்று. எதிரொலிக்கு ஒன்று. ஐந்தாவது வாவா. இது மட்டும் பித்தான் இல்லை, சைக்கிள் பெடல்போலப் பாதம் முழுவதையும் வைத்து முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். ஆட்டினால் கிதார் வாய் திறந்து மூடிப் பேசுவதுபோல் இருக்கும். நான் முதன்முதலில் வாங்கிய பெடல் அது. அதற்குப் புள்ளி கம்மிதான், ஆனால் என் வாசிப்புக்குக் கூட்டம் விசிலடித்ததென்றால் அது வாவாவுக்குத்தான். அதை எடுக்கச் சொன்னால் கிதாரையே எடுத்துவிடலாம்.

அடுத்தது எதை எங்கே வைப்பது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மின்சாரம் போகிற வரிசை வேறு, கால் போகிற வரிசை வேறு. சத்தம் நன்றாக வர வேண்டுமென்றால் முதலில் வாவா, பிறகு கரகரப்பு, பிறகு அகலம், கடைசியில் எதிரொலி. ஆனால் என் காலுக்குக் கரகரப்புதான் மிகப் பக்கத்தில் வேண்டும், அதைத்தான் அடிக்கடி மிதிப்பேன். இணையத்தில் பார்த்தால் வெள்ளைக்காரர்கள் இருபது பெடலை ஷூ போட்ட காலால் மிதிக்கிறார்கள். அந்த இடைவெளியில் என் கட்டைவிரல்கூட நுழையாது. வெறுங்காலுக்கு யாரும் பலகை செய்து காட்டவில்லை.

நான் என் தொழிலைக் கையில் எடுத்தேன். மதியம் கூட்டம் குறைந்ததும் ஒவ்வொரு பெடலையும் ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடிமேல் கவிழ்த்து, மேலே ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்தி, அச்சு அசலான அளவில் பிரதி எடுத்தேன். கத்தரித்தால் ஐந்து காகிதப் பெடல்கள். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கடையின் தரையில் போட்டு, அதன்மேல் காகிதப் பெடல்களை வைத்தேன். கழுத்தில் கிதாரை மாட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வாசித்தபடி மிதித்துப் பார்த்தேன். தவறான இடத்தில் கால் விழுந்தால் காகிதத்தை இரண்டு விரல்கடை தள்ளி வைப்பேன். மறுபடி மிதிப்பேன். ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்த ஒரு பெண்மணி, சத்தமில்லாத கிதாரோடு காகிதத்தின்மேல் குதித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார்.

பெடலுக்கும் பெடலுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் போதும் என்பார்கள். நான் நாலு விரல் விட்டேன். பலகை ஏன் இவ்வளவு நீளம் என்று மனைவி கேட்டதற்கு, சூடு போக என்றேன். கரகரப்பும் எதிரொலியும் முன்வரிசையில். அகலமும் சுருதியும் பின்வரிசையில். வாவா வலது ஓரத்தில் தனியாக. மேடையில் வெளிச்சம் எங்கள் முகத்தில்தான் விழும், காலடியில் இருட்டாக இருக்கும். அதனால் பைக் ஸ்டிக்கர் கடையில் ரேடியம் வாங்கி, ஒவ்வொரு குமிழுக்கும் ஒவ்வொரு நிறத்தில் வட்டம் வெட்டி ஒட்டினேன். ஒரு வாரத்தில் என் கண் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டது. கால் எதையும் செய்யவில்லை.

கடைசிக் காகிதத்தையும் ஒட்டி முடித்து, அட்டையின்மேல் நீளம், அகலம், கேபிள் நுழையும் ஓட்டைகள் எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொண்டு, திருவண்ணாமலை ரோட்டில் இருக்கும் பாயின் பட்டறைக்குப் போனேன். பாய் இரும்புக் கேட்டு, ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்கிறவர். அவர் பட்டறையின் முன்னால் நின்றால் கோட்டை மலை முழுசாகத் தெரியும், அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெல்டிங் வைத்துக்கொண்டிருப்பார். அவர் செய்த கேட்டு எதுவும் தொங்கி நான் பார்த்ததில்லை.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுமேல இன்னா வரும்?"

"பெடலு. கிதாரு சாமான். கச்சேரிக்கு."

"அப்ப நல்லா செய்யணும்," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. நானும் வேறொன்றும் சொல்லவில்லை. இவ்வளவு விவரமாக வரைந்த படத்துக்கு விளக்கம் வேறு வேண்டுமா என்பது என் எண்ணம்.

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருக்கும்போது எடுக்கப் போனேன். பட்டறைக்கு நடுவே ஒரு மேசை நின்றது. நான்கு கால்கள், இடுப்புயரம். மேலே என் படத்தில் இருந்தபடியே, ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் தகடு. நான்கு பக்கமும் தகட்டைக் கீழே மடித்து, கை வைத்தால் உறுத்தாதபடி வழவழவென்று தேய்த்து, கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தார்.

"இன்னா பாய் இது? கால் எதுக்கு வச்ச?"

"டேபுளுக்குக் கால் வாணாமா மாஸ்டர்?"

"யாருய்யா டேபுள் கேட்டது? இது தரையில வச்சி மிதிக்கிறது!"

அவர் முகம் மாறியது. "மிதிக்கிறதா? பாட்டு வாசிக்கிற சாமானையா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு வரைந்ததை வீணாக்கிவிட்டாய் என்றேன். கேட்டு செய்கிறவனிடம் கொடுத்தது என் புத்தி என்றேன். பாய் அட்டையை எடுத்துவந்து என் முன்னால் நீட்டினார். "நீளம் எழுதிக்கீறீங்க. அகலம் எழுதிக்கீறீங்க. உயரம் எங்க எழுதிக்கீறீங்க, காட்டுங்க. மேல இருந்து பாத்த படம்தான குடுத்தீங்க. பாட்டு சாமானாச்சே, கையாலதான் தொடுவாங்கன்னு நெனச்சேன்."

உயரம் எழுதவில்லைதான். ஜெராக்ஸ் மெஷின் மேலிருந்து மட்டும்தான் பார்க்கும். நானும் அதன்படியே பார்த்திருக்கிறேன். அதை அப்போதே ஒப்புக்கொண்டிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். நான் ஒப்புக்கொள்ளவில்லை. காலை வெட்டு, இப்பவே வெட்டு என்றேன்.

நான்கு கால்களையும் வெட்டி, பின்பக்கம் கொஞ்சம் உயரமாக இருக்கும்படி குட்டைக் கால்களை வைத்துக் கொடுத்தார். முன்பக்கம் மடித்திருந்த தகடு பாதத்துக்கு இடித்தது. அதையும் வெட்டச் சொன்னேன். வெட்டிய இடத்தில் தகடு பளபளவென்று பிசிறாக நின்றது. "இந்த ஓரத்தைத் தேய்க்கணும். கிரைண்டர் வட்டு தீந்துபோச்சி. விழுப்புரத்துல சொல்லியிருக்கேன், காலைல வந்துடும். நாளைக்கு வாங்க மாஸ்டர்."

"போதும்யா உன் வேலை. குடு."

"கை பட்டா கிழிச்சிடும்."

"இதுல எவன் கையை வைக்கப்போறான்? கால்தான வைக்கப்போறேன்," என்று சொல்லிப் பலகையை வாங்கி பைக்கில் கட்டினேன். அவர் கட்டக் கயிறு கொடுத்தார்.

ஆயுத பூஜை எல்லோருக்கும் ஒரு நாளென்றால் கச்சேரிக்காரர்களுக்கு அதற்கு முந்தின நாள். பூஜையன்றைக்குத்தான் பட்டறைகளும் ஆட்டோ ஸ்டாண்டுகளும் எங்களைக் கூப்பிடும் என்பதால், நாங்கள் வாத்தியங்களை ஒரு நாள் முன்னதாகவே சாமிக்கு வைத்து எடுத்துவிடுவோம். அந்த வருடம் என் பலகை புதுசு. ஐந்து பெடலையும் ஸ்கூல் ஷூவில் இருக்குமே, அந்தக் கர்ரென்று பிரியும் பட்டையால் ஒட்டி, கேபிளெல்லாம் அடியில் ஓடி மறைந்து, பார்க்க லட்சணமாக இருந்தது. மனைவி ஒவ்வொரு பெடலுக்கும் சந்தனம் வைத்து, நடுவே குங்குமம் வைத்தாள். முன் ஓரம் நெடுகவும் வைத்தாள். ரேடியம் வட்டத்தின்மேல் மட்டும் வைக்காதே என்று நான் கத்தினேன். கும்பிட்டு எழுந்தபோது, நாளைக்கு இதைத்தானே மிதிக்கப்போகிறோம் என்று தோன்றியது. மன்னித்துக்கொள் தாயே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் ஆட்டோ ஸ்டாண்டுக் கச்சேரி. மேடை ஓரத்தில் சரசுவதி படம், மாலை, பொரி, சுண்டல். செருப்பைக் கீழே விட்டேன். பலகையைக் கீழே வைத்து இரண்டே கேபிளைச் சொருகினேன், வேலை முடிந்தது. கீபோர்டுக்காரர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அன்றைக்கு நான் வாசித்த மாதிரி அதற்கு முந்தின ஐந்து வருடத்தில் வாசித்ததில்லை. பச்சை, சிவப்பு, மஞ்சள் வட்டங்கள் காலடியில் மினுங்க, கண் சொன்ன இடத்தில் கால் போனது. ஒரு மிதிகூடத் தப்பவில்லை. வாவாவை ஆட்டியபோது ஆட்டோக்காரர்கள் ஹாரனை அடித்துக் கொண்டாடினார்கள். பாடகர் பாட்டின் நடுவே திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். நான் காப்பாற்றிக்கொண்டேன் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவும் இல்லை.

முடிந்து கேபிளைச் சுருட்டக் குனிந்தபோது, பலகையின் முன் ஓரம் முழுவதும் சிவப்பாக ஈஷிக்கொண்டிருந்தது. வாவாவின்மேலும் சிவப்பு. வியர்வைக் காலில் குங்குமம் கரைந்துவிட்டது என்று நினைத்தேன். சாமிக்கு வைத்ததை மிதித்துக் கலைத்திருக்கிறோமே என்று சங்கடமாக இருந்தது. விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டேன்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்தாள்; நான் களைப்பில் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு நாற்காலியில் போய் உட்கார, அவள் தண்ணீர் கொண்டுவர அடுக்களைக்குப் போனாள். திரும்பி வந்தவள் சொம்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாங்க இது, தரையெல்லாம்?"

"குங்குமம். மேடையில ஒட்டிக்கிச்சி."

"குங்குமம் ஒரு கால்ல மட்டுமா ஒட்டும்?"

வாசலிலிருந்து நாற்காலிவரை சிவப்பு அடிகள். எல்லாம் வலது பாதம். அவள் கீழே உட்கார்ந்து என் காலை மடியில் எடுத்து வைத்துத் திருப்பிப் பார்த்தாள். சுண்டுவிரலுக்குக் கீழே பாதம் பிளந்திருந்தது. அவள் அந்தப் பிளவின் பக்கத்தில் விரலை வைத்து அழுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள்.

"தெரியலியா?"

இந்த முறை நான் பொய் சொல்லவில்லை.

"எப்பலருந்து?"

"ரெண்டு வருசமா."

அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அவள்தான் எழுந்து, என் நெற்றியில் இருந்ததை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

புண் ஆறவில்லை. இரண்டு வாரத்தில் சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் போயின. பாதம் தப்பியது, அதுவே பெரிது என்றார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது மனைவியிடம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டேன்: மரத்துப்போன விஷயம் குழுவுக்குத் தெரிய வேண்டாம்.

பாய் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். கட்டிலின் ஓரத்தில் நின்றபடியே, "என் தப்பு மாஸ்டர். ஓரம் தேய்க்காம குடுத்துட்டேன். நீங்க கோவத்துல கேட்டாலும் நான் குடுத்திருக்கக் கூடாது," என்றார். அவர் கண்ணில் தண்ணீர். நான் சொல்லியிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் ஓரம் பட்ட உடனே காலை எடுத்திருப்பான், ஒரு கீறலோடு போயிருக்கும். எனக்குத் தெரியாததால்தான் மூன்று மணி நேரம் அதன்மேலேயே தேய்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பாடகர் வந்தபோது அவருக்கும் பாய் ஓரம் தேய்க்காமல் கொடுத்த கதைதான் போயிருந்தது. தகரத்தை ஒழுங்காகத் தேய்க்கத் தெரியாதவனெல்லாம் பட்டறை வைத்திருக்கிறான் என்றார். "நீ கவலப்படாதண்ணே, கால் ஆறிட்டு வா, உன் எடம் அப்டியேதான் இருக்குது." எனக்கு வேண்டிய வார்த்தை அது. ஆனால் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பட்டறைக்குப் போய், பாயை நாலு பேர் முன்னால் வைத்துத் திட்டிவிட்டு, குழுவுக்கு லைட் ஸ்டாண்டு செய்யச் சொல்லியிருந்த வேலையையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டீக்கடைக்காரர் சொல்லி மனைவிக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து எட்டு நாள் நான் அதைப்பற்றிப் பேசவில்லை. ஒன்பதாம் நாள் காலை மனைவி கட்டு மாற்றிக்கொண்டே, "ஒரு பாவமும் அறியாத மனுசன். செய்யறதைச் சரியா செய்யறவரு. உங்க வாயில இன்னா கொழுக்கட்டையா இருக்குது?" என்றாள்.

மறுநாள் ஆட்டோ வைத்துப் பலகையோடு பட்டறைக்குப் போனேன். பாய் வெல்டிங்கை நிறுத்திவிட்டு ஸ்டூலை எடுத்துப் போட்டார். நான் உட்கார்ந்து போனை எடுத்து, அவர் எதிரிலேயே பாடகரைக் கூப்பிட்டேன்.

"நான் பட்டறையிலருந்து பேசறேன். பாய் மேல தப்பில்ல. நாளைக்கு வா, தேய்ச்சுத் தரேன்னாரு, நான்தான் கத்திட்டு எடுத்தாந்தேன். இன்னொண்ணு. எனக்கு அந்தக் கால்ல உணர்ச்சி கெடையாது. ரெண்டு வருசமா இல்ல. தளவானூர்ல பெடலு தானா பொரளல."

"அப்ப இத்தினி நாளா எப்டிண்ணே மிதிச்ச?"

"பாத்துப் பாத்துதான்."

"இனிமே மிதிக்க முடியுமா?"

"முடியாது," என்றேன். இருபது வருடத்தில் அந்த வார்த்தையை அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிறகு, "பாய்கிட்ட போனைக் குடுண்ணே," என்றார். பாய் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். இரண்டு முறை "பரவால்ல சார்" என்றார். ஒரு முறை "செய்யலாம் சார், லைட் ஸ்டாண்டு இந்த மாசமே செய்யலாம்" என்றார். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய் ஏதோ பேசிவிட்டு வந்து போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார், அது அணைந்திருந்தது. பாடகர் என்னைப்பற்றி என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

பாய் உள்ளே போய், ஒரு பழைய கோணியில் சுற்றிய எதையோ எடுத்து வந்து தரையில் பிரித்தார். நான் அன்றைக்கு வெட்டச் சொன்ன நான்கு கால்கள். கறுப்பு பெயிண்ட் அப்படியே இருந்தது.

"உக்காந்து பெடலைக் கையால அமுக்கி வாசிக்கலாமான்னு கேட்டாரு. நான், அது ஆதியில அப்டித்தான் செஞ்சேன்னு சொன்னேன்," என்றார். "உயரம் சொல்லுங்க மாஸ்டர். இந்த வாட்டி எழுதிக்கறேன்."

எனக்கு உயரம் தெரியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, கிதார் மடியில் இருப்பதாக வைத்துக்கொண்டு, தந்தியை மீட்டும் கையை அப்படியே பக்கவாட்டில் நீட்டிக் காட்டினேன். கை வந்து நின்ற இடத்துக்கு அவர் டேப் பிடித்து அளந்து, தகட்டின்மேல் சாக்பீஸால் எழுதிக்கொண்டார். குமிழை அமுக்க ஒரு தாளம் முன்கூட்டியே தந்தியிலிருந்து கையை எடுக்க வேண்டியிருக்கும், அது பழகிவிடும். வாவாவைக் கையால் ஆட்டிக்கொண்டு வாசிக்க முடியாது. அதைப் பிரித்தெடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வலது ஓரத்தில் அதன் இடம் காலியாக இருந்தது.

பாய் காலை வைக்கத் தொடங்கவில்லை. முதலில் கிரைண்டரை எடுத்து, புது வட்டை மாட்டி, வெட்டுப்பட்ட முன் ஓரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், மறுபடி தேய்ப்பார். அது இனி என் காலில் படப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும். அரை மணி நேரம் தேய்த்தார். நான் வாவாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போதும் என்று சொல்லவில்லை.